அப்டேட் போட்டதும் வைஃபை காணோமா? டிரைவர்கள் ஏன் ஒன்றையொன்று நம்பி இருக்கின்றன? - விளக்கம்

லேப்டாப்பில் அப்டேட் வந்திருக்கிறது. ஓகே கொடுத்துவிட்டு சாப்பிடப் போகிறீர்கள். திரும்பி வந்து ஆன் பண்ணினால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வைஃபை மட்டும் இல்லை. 'அடாப்டர் கிடைக்கவில்லை' என்கிறது திரை. நேற்று ராத்திரி வரை ஓடிய வைஃபை. லேப்டாப்பை யாரும் கழற்றவும் இல்லை, கீழே போடவும் இல்லை. அப்புறம் எங்கே போச்சு?

பெரும்பாலும் எங்கேயும் போகவில்லை. உள்ளே இருக்கும் வைஃபை சிப் நன்றாகத்தான் இருக்கும். அதை இயக்கும் டிரைவர், தனக்குத் தேவையான இன்னொன்று கிடைக்காமல் வாசலிலேயே நின்றிருக்கும். சர்வீஸ் சென்டரில் 'போர்டு போச்சு' என்று சொல்வதைக் கேட்டு பணம் கட்டும் முன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. லினக்ஸ் இயங்குதளத்தை வைத்தே இதைப் பார்ப்போம். காரணம், உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் அதே லினக்ஸ் கெர்னல்தான்.

கெர்னல், டிரைவர், மாட்யூல்: எது என்ன?

இயங்குதளத்தின் மையப் பகுதிதான் கெர்னல். மெமரி, பிராசஸர், டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றையும் பங்கு போட்டுக் கொடுப்பது இதன் வேலை. நீங்கள் திறக்கும் எந்த ஆப்பும் ஹார்டுவேரை நேரடியாகத் தொட முடியாது. கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஒவ்வொரு ஹார்டுவேரிடமும் எப்படிப் பேச வேண்டும் என்று கெர்னலுக்குச் சொல்லித் தரும் மென்பொருள்தான் டிரைவர். உலகத்தில் உள்ள எல்லா வைஃபை சிப்புக்கும், எல்லா கேமராவுக்கும், எல்லா பிரிண்டருக்கும் உரிய டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே நிரந்தரமாக அடைத்து வைத்தால் அது ஊதிப்போகும். அதனால் டிரைவர்களைத் தனித்தனி கோப்புகளாக டிஸ்க்கில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் கெர்னலுக்குள் ஏற்றிக்கொள்கிறார்கள். அப்படி ஏற்றவும் இறக்கவும் முடிகிற துண்டுக்குத்தான் 'மாட்யூல்' என்று பெயர்.

சாதாரண லினக்ஸ் லேப்டாப்பில் இப்படிப்பட்ட மாட்யூல் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் ஒரு சிறு பகுதிதான் அந்தந்த கணினிக்குத் தேவைப்பட்டு உள்ளே ஏறும்.

ஒரு டிரைவர் ஏன் இன்னொன்றைத் தேடுகிறது?

வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். அதற்கு மாடியில் டேங்க் நிரம்பியிருக்க வேண்டும். டேங்க் நிரம்ப மோட்டார் ஓட வேண்டும். மோட்டார் ஓட கரண்ட் வேண்டும். குழாய் புதுசா, பழசா என்பது இங்கே விஷயமே இல்லை. இந்த வரிசையில் ஒன்று விட்டுப்போனாலும் தண்ணீர் வராது.

டிரைவர்களும் இப்படித்தான். பல லேப்டாப்களில் இருக்கும் இன்டெல் வைஃபையை எடுத்துக்கொள்வோம். அதை இயக்கும் 'ஐடபிள்யூஎல்எம்விஎம்' என்ற மாட்யூலுக்கு 'ஐடபிள்யூஎல்வைஃபை', 'மேக்80211' என்ற இரண்டும் வேண்டும். அந்த இரண்டுக்கும் 'சிஎஃப்ஜி80211' வேண்டும். அதற்கோ 'ஆர்எஃப்கில்' வேண்டும்.

ஏன் இத்தனை அடுக்கு? எந்த நிறுவனத்தின் வைஃபை சிப் ஆனாலும் நெட்வொர்க்கைத் தேடுவது, இணைவது போன்ற பல வேலைகள் பொதுவானவை. அதை ஒவ்வொரு டிரைவரிலும் திரும்பத் திரும்ப எழுதாமல், ஒரே இடத்தில் எழுதி எல்லோரும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். இடம் மிச்சம். பாதுகாப்பு ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் ஒரே இடத்தில் அடைத்தால் போதும்.

தொழில்நுட்பமாகச் சொன்னால், ஒரு மாட்யூல் தன்னிடம் உள்ள சில செயல்களைப் பெயர் சொல்லி வெளியே பொதுவில் வைக்கும். இன்னொரு மாட்யூல் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கும். இந்தப் பெயர்களுக்கு 'சிம்பல்' என்று பெயர். கேட்ட பெயர் கெர்னலில் எங்கேயும் இல்லை என்றால் 'அன்நோன் சிம்பல்' என்ற பிழைச் செய்தியோடு மாட்யூல் திருப்பி அனுப்பப்படும். இந்தச் சார்பைத்தான் 'டிபென்டன்சி' என்கிறார்கள்.

வரிசையை முடிவு செய்வது யார்?

லினக்ஸில் மாட்யூலை ஏற்ற இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று 'இன்ஸ்மாட்'. கொடுத்த ஒரே ஒரு கோப்பை அப்படியே கெர்னலிடம் நீட்டும். அதற்கு வேறு என்ன தேவை என்று பார்க்காது. தேவையானது ஏற்கெனவே உள்ளே இருந்தால் சரி, இல்லாவிட்டால் பிழைதான்.

இன்னொன்று 'மாட்ப்ரோப்'. இது விவரமானது. நீங்கள் கேட்ட மாட்யூலுக்கு எவையெல்லாம் வேண்டும், அவற்றுக்கு எவையெல்லாம் வேண்டும் என்று கடைசி வரை போய்ப் பார்க்கும். பிறகு அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றும். மேலே சொன்ன வைஃபையில் முதலில் ஆர்எஃப்கில், கடைசியில்தான் ஐடபிள்யூஎல்எம்விஎம்.

ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான கோப்புகளைத் திறந்து பார்க்க நேரம் ஏது? அதற்காகத்தான் 'டெப்மாட்' என்ற கருவி. புதிய கெர்னலை நிறுவும்போதே இது ஓடிவிடும். எந்த மாட்யூல் எந்தப் பெயரைக் கொடுக்கிறது, எது எதைக் கேட்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்து, 'மாட்யூல்ஸ்.டெப்' என்ற பட்டியலை எழுதி வைத்துவிடும். மாட்ப்ரோப் செய்வதெல்லாம் அந்தப் பட்டியலைப் படிப்பதுதான்.

டெப்மாட் 'மாட்யூல்ஸ்.அலையாஸ்' என்று இன்னொரு பட்டியலும் போடும். எந்தச் சாதனத்தின் அடையாள எண்ணுக்கு எந்த மாட்யூல் என்பது அதில் இருக்கும். யுஎஸ்பி கருவி ஒன்றைச் செருகியதும் கெர்னல் அதன் எண்ணை அறிவிக்கும். பட்டியலில் தேடி, உரிய மாட்யூலும் அதன் துணைகளும் ஏற்றப்படும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். நாம் பார்ப்பது திரையில் வரும் ஐகானை மட்டும்தான்.

இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருந்தால்?

'கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்' என்று ஊரில் சொல்வார்கள் அல்லவா? அந்த நிலைமை மாட்யூல்களுக்கும் வரலாம். முதல் மாட்யூலுக்கு இரண்டாவது வேண்டும், இரண்டாவதுக்கு முதலாவது வேண்டும் என்று எழுதப்பட்டுவிட்டால் எதையும் முதலில் ஏற்ற முடியாது.

இப்படிச் சுழல் இருந்தால் பட்டியல் போடும்போதே டெப்மாட் பிழை என்று சொல்லிவிடும். இதற்குத் தீர்வு டிரைவரை எழுதியவர் கையில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான பகுதியைப் பிரித்து மூன்றாவது மாட்யூலாக வைப்பது வழக்கமான வழி. அப்போது இரண்டுமே அந்த மூன்றாவதை மட்டும் நம்பினால் போதும்.

இறக்கும்போதும் வரிசை உண்டு

ஏற்றும்போது அடியிலிருந்து மேலே. இறக்கும்போது மேலிருந்து கீழே. ஒரு மாட்யூலை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கெர்னல் கணக்கு வைத்திருக்கும். அது பூஜ்யம் ஆகும் வரை இறக்க விடாது.

ஆர்எஃப்கில் இதற்கு நல்ல உதாரணம். லினக்ஸ் லேப்டாப்பில் ஃபிளைட் மோட் போட்டதும் ரேடியோ அலைகளை அணைக்கும் பகுதி இதுதான். வைஃபைக்கும் இதுவே, புளூடூத்துக்கும் இதுவே. அதனால் வைஃபை தொடர்பான எல்லாவற்றையும் இறக்கிவிட்டாலும், புளூடூத் இருக்கும் வரை ஆர்எஃப்கில்லை இறக்க முடியாது. 'எல்எஸ்மாட்' என்று டெர்மினலில் அடித்தால், எந்த மாட்யூலை எவை பயன்படுத்துகின்றன என்ற இந்தக் கணக்கு கடைசி வரிசையில் தெரியும்.

பட்டியலில் வராத தேவைகள்

மாட்யூல்ஸ்.டெப் பட்டியல் சரியாக இருந்தும் சாதனம் வேலை செய்யாமல் போகலாம். காரணம், எல்லாத் தேவைகளும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. மூன்று வகைகளைச் சொல்லலாம்.

முதலாவது, ஃபர்ம்வேர். பல வைஃபை சிப்களுக்குள் ஓட வேண்டிய மென்பொருள் சிப்பிலேயே இருக்காது. டிரைவர்தான் டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். மாட்யூல்கள் எல்லாம் வரிசையாக ஏறிவிடும், ஃபர்ம்வேர் கோப்பு மட்டும் இருக்காது. அப்போதும் வைஃபை வராது.

இரண்டாவது, ஓடும்போது கேட்கப்படுபவை. பென் டிரைவில் பரவலாக இருக்கும் ஃபேட்32 வடிவத்தைப் படிக்க 'விஃபேட்' மாட்யூல் வேண்டும். அதற்கு 'ஃபேட்' மாட்யூல் வேண்டும். இது பட்டியலில் இருக்கும். ஆனால் கோப்புப் பெயர்களின் எழுத்துகளைப் புரிந்துகொள்ள இன்னொரு சிறு மாட்யூல் தேவை. பென் டிரைவைத் திறக்கும் நொடியில்தான் அதைக் கேட்பார்கள். சில லினக்ஸ் வகைகளில் அது தனி மாட்யூலாக இருக்கும். அது இல்லையென்றால் பென் டிரைவ் திறக்காது. இப்படிப்பட்டவற்றை முன்கூட்டியே சொல்லிவைக்க 'சாஃப்ட்டெப்' என்ற குறிப்பை டிரைவர் எழுதுபவர்கள் சேர்க்கலாம். 'இதையும் முடிந்தால் முன்னால் ஏற்றிவிடு' என்பதுதான் அதன் அர்த்தம்.

மூன்றாவது, ஹார்டுவேருக்குள்ளேயே இருக்கும் சார்பு. செல்போன் திரையின் டிரைவர் ஏறிவிட்டது, ஆனால் திரைக்கு மின்சாரம் தரும் சிப்பின் டிரைவர் இன்னும் தயாராகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் இது தோல்வியில் முடியலாம். 2012-ல் வெளிவந்த 3.4 கெர்னல் பதிப்பில் இதற்கு வழி வந்தது. 'இப்போ முடியாது, அப்புறம் கூப்பிடு' என்று டிரைவர் சொல்லலாம். கெர்னல் அதைக் காத்திருப்போர் வரிசையில் வைத்துவிட்டு, வேறு சாதனம் ஒன்று தயாரானதும் மறுபடி அழைக்கும்.

பூட்டிய வீட்டுக்குள் சாவி

இன்னொரு பெரிய சிக்கல் கணினி பூட் ஆகும்போது வருகிறது. மாட்யூல்கள் எல்லாம் டிஸ்க்கில் இருக்கின்றன. டிஸ்க்கைப் படிக்கவே ஒரு மாட்யூல் வேண்டும் என்றால்? வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளேயே வைத்த கதைதான்.

இதற்காக 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சிறு மூட்டை தயாரிக்கப்படுகிறது. டிஸ்க்கைத் திறக்கத் தேவையான மாட்யூல்களை மட்டும் அதில் கட்டி வைப்பார்கள். கெர்னலோடு சேர்த்து இந்த மூட்டையையும் பூட்லோடர் நேரடியாக மெமரிக்கு எடுத்து வந்துவிடும். கெர்னல் முதலில் அதைத் திறந்து, உள்ளே இருக்கும் மாட்யூல்களை ஏற்றி, பிறகு உண்மையான டிஸ்க்கைத் திறக்கும்.

டிஸ்க்கைத் திறக்கத் தேவையான ஒரு மாட்யூல் இந்த மூட்டையில் விட்டுப்போனால் வைஃபை மட்டும் போகாது, கணினியே பூட் ஆகாது. உங்கள் கோப்புகள் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். ஆனால் அதைத் திறக்க ஆள் இருக்காது. இதைப் பார்த்து பயந்து எல்லாவற்றையும் அழித்து ஃபார்மேட் செய்துவிடக் கூடாது. முதலில் பழைய கெர்னலில் பூட் செய்து பார்க்க வேண்டும்.

அப்டேட்டுக்குப் பிறகு ஏன் இந்தப் பிரச்சனை?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். மாட்யூல் ஒவ்வொன்றிலும், அது எந்தக் கெர்னல் பதிப்புக்காகத் தயாரானது என்ற முத்திரை இருக்கும். கெர்னல் மாறினால் உள்ளே இருக்கும் அமைப்புகளும் மாறலாம். பழைய மாட்யூலைப் புதிய கெர்னல் ஏற்றுக்கொள்ளாது. பொருந்தாததை உள்ளே விட்டால் மெமரியையே குழப்பிவிடும் என்பதால்தான் இந்தக் கெடுபிடி.

கெர்னலோடு சேர்ந்தே வரும் டிரைவர்களுக்கு இது பிரச்சனை இல்லை. இரண்டும் ஒன்றாகவே மாறிவிடும். தனியாக நிறுவிய டிரைவர்களுக்குத்தான் தலைவலி. சில வைஃபை சிப்கள், என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றுக்குப் பலரும் தனி டிரைவர் போட்டிருப்பார்கள். கெர்னல் மாறும்போதெல்லாம் அவற்றை மறுபடி தயாரிக்க வேண்டும். இதைத் தானாகச் செய்ய டெல் நிறுவனம் உருவாக்கிய 'டிகேஎம்எஸ்' என்ற கருவி இருக்கிறது. ஆனால் புதிய கெர்னலுக்கான 'ஹெடர்' கோப்புகள் நிறுவப்படாமல் இருந்தால் அதனாலும் எதுவும் செய்ய முடியாது. அப்டேட் முடிந்துவிடும், டிரைவர் தயாராகியிருக்காது, வைஃபை போய்விடும்.

செக்யூர் பூட் ஆன் செய்யப்பட்ட கணினியில் இன்னொரு நிபந்தனையும் சேரலாம். மாட்யூலில் நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து இல்லையென்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் உள்ளே விடாது.

தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா லேப்டாப்களில் பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது இது. அந்த லேப்டாப்பை இன்னமும் லினக்ஸில் ஓட்டுபவர்களுக்கும் இதே விதிகள்தான்.

செல்போனில் எப்படி?

ஆண்ட்ராய்டு போன்களில் நீண்ட காலம் ஒரு குழப்பம் இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் கெர்னலைத் தன் சிப்புக்கு ஏற்ப மாற்றி எழுதியது. அதனால் கெர்னலில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வந்தால், அதை அடைக்கும் அப்டேட் எல்லா போனுக்கும் போய்ச்சேர ரொம்ப நாள் பிடித்தது.

இதைச் சரிசெய்ய கூகுள் 'ஜிகேஐ' என்ற பொதுக் கெர்னலைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு 12-உடனும் 5.10 கெர்னலுடனும் சந்தைக்கு வரும் போன்களுக்கு இது கட்டாயம் ஆக்கப்பட்டது. கெர்னல் எல்லோருக்கும் பொது. கேமரா, டச், சார்ஜிங் போன்ற அந்தந்த போனுக்கே உரிய டிரைவர்கள் தனி மாட்யூல்கள். இரண்டுக்கும் நடுவில் எந்தெந்த சிம்பல்களைப் பயன்படுத்தலாம் என்று ஒரு நிலையான பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியல் மாறாத வரை, டிரைவர்களைத் தொடாமலேயே கெர்னலை மட்டும் அப்டேட் செய்ய முடியும்.

போனை ஆன் செய்ததும் லோகோ தெரிகிறதே, அந்தச் சில நொடிகளில் நடக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று. மாட்யூல்ஸ்.டெப் பட்டியலைப் படித்து, வரிசை தவறாமல் டிரைவர்களை ஏற்றுகிறது உங்கள் போன்.

கொஞ்சம் தவறினாலும் என்ன ஆகும்?

ஆப் ஒன்று தப்பு செய்தால் அந்த ஆப் மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர் கெர்னலுக்குள் இருப்பதால், அது தப்பு செய்தால் மொத்தக் கணினியும் நின்றுவிடும். இது லினக்ஸுக்கு மட்டுமல்ல, விண்டோஸுக்கும் பொருந்தும். 2024 ஜூலை 19-ம் தேதி விண்டோஸ் கணினிகளில் உலகமே இதைப் பார்த்தது.

கிரவுட்ஸ்ட்ரைக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனத்தின் மென்பொருள், விண்டோஸ் கெர்னலுக்குள் டிரைவராக ஓடுகிறது. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு அதற்கு ஒரு சிறிய தரவுக் கோப்பு அப்டேட்டாக அனுப்பப்பட்டது. புதிய அமைப்பு 21 விவரங்களை எதிர்பார்த்தது. டிரைவரிடம் இருந்ததோ 20 மட்டும்தான். இல்லாத 21-வதைப் படிக்கப் போன டிரைவர், மெமரியில் தொடக் கூடாத இடத்தைத் தொட்டது. கணினிகள் நீலத் திரையோடு நின்றன.

மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன. விமானங்கள் ரத்தாயின. இந்திய விமான நிலையங்களில் பயணிகள் சிலருக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்கப்பட்டது. கோப்பு ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அந்த டிரைவர் கணினி ஆன் ஆகும்போதே ஏறிவிடும் வகை. அதனால் பல கணினிகள் ஆன் ஆவதும் நிற்பதுமாகவே இருந்தன. சேஃப் மோடில் போய், அந்தக் கோப்பை ஒவ்வொரு கணினியிலும் கையால் அழிக்க வேண்டியிருந்தது.

இது மாட்யூல் வரிசை தவறியதால் வந்ததல்ல. ஆனால் அடிப்படை ஒன்றுதான். ஒன்று எதிர்பார்ப்பதும் மற்றொன்று தருவதும் பொருந்துகிறதா என்பதை, உள்ளே விடுவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும். 'அன்நோன் சிம்பல்' என்று சொல்லி லினக்ஸ் ஒரு மாட்யூலைத் திருப்பி அனுப்பும்போது நமக்கு எரிச்சல் வரலாம். ஆனால் வைஃபை மட்டும் போவது, மொத்தக் கணினியும் போவதைவிட எவ்வளவோ மேல்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* கெர்னல் அப்டேட் ஆனதும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சில லினக்ஸ் வகைகளில் பழைய கெர்னலின் மாட்யூல்கள் உடனே அழிக்கப்பட்டுவிடும். ரீஸ்டார்ட் செய்யாமல் பென் டிரைவ் செருகினால்கூட வேலை செய்யாமல் போகலாம்.

* அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது வேலை செய்யவில்லை என்றால், பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் வேலை செய்தால் ஹார்டுவேர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். செலவு மிச்சம்.

* 'டிமெஸ்ஜி' கட்டளை கொடுத்துக் கெர்னலின் செய்திகளைப் படியுங்கள். சிம்பல் என்று வந்தால் மாட்யூல் பொருத்தம், ஃபர்ம்வேர் என்று வந்தால் கோப்பு இல்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

* மாட்யூலைக் கையால் ஏற்றுவதாக இருந்தால் மாட்ப்ரோப் பயன்படுத்துங்கள். பதிப்பு பொருந்தாததை 'ஃபோர்ஸ்' கொடுத்துத் திணிக்காதீர்கள்.

* தனி டிரைவர் போட்டிருந்தால், கெர்னல் ஹெடர்களும் கூடவே அப்டேட் ஆகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வைஃபை போய்விட்டால், போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் இன்டர்நெட்டைக் கொடுத்தே சரிசெய்யலாம்.

* செல்போனில் வேறு மாடலுக்கான சிஸ்டம் கோப்பை ஃபிளாஷ் செய்யாதீர்கள். பெயர் ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் சிப்களும் டிரைவர்களும் வேறாக இருக்கலாம்.

அடுத்த முறை வைஃபை காணாமல் போனால், முதலில் 'எது போச்சு?' என்று கேட்காதீர்கள். 'எதற்கு முன்னால் எது வந்திருக்க வேண்டும்?' என்று கேட்டுப் பாருங்கள். குழாயில் தண்ணீர் வராதபோது குழாயைக் கழற்றுவதற்கு முன் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கிறோமே, அதேதான்.